தொழிலாளியைக் கேட்காமல் ஆலையைப் பூட்டாதே!

கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை, நிந்தவூர் ஊர்களிலிருந்து திரண்டு வந்திருக்கும் தாய்மாரே, சகோதரர்களே!

பிழைப்பு பறிபோவது நமக்குப் புதிதல்ல. 1977க்குப் பிறகு இறக்குமதித் துணி குவிந்தது. மருதமுனையின் தறிகள் பல ஓய்ந்தன. நெசவாளி உழைக்க மறுத்தானா? இல்லை! அவன் நெய்த சாரம் தரங்கெட்டதா? இல்லை! முடிவெடுத்தவர்கள் அவனைக் கேட்கவே இல்லை.

கடலுக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டின் ஸ்ரீபெரும்புதூரைப் பாருங்கள். 2006இல் நோக்கியா அங்கே உற்பத்தியைத் தொடங்கியது. உச்சக்கட்டத்தில் ஏறக்குறைய 8,000 பேர் வேலை செய்தார்கள். அவர்களில் பெரும்பகுதி கிராமத்து இளம் பெண்கள். உலகமெங்கும் போன கைபேசிகள் அவர்கள் கை பட்டுப் போனவை. 2013இல் நோக்கியாவின் கைபேசி வணிகத்தை 700 கோடி டொலருக்கு மேல் விலை பேசியது மைக்ரோசொப்ட். வரி வழக்கில் மாட்டிய அந்த ஆலை கைமாறவில்லை. 2014இல் ஆயிரக்கணக்கானோர் ‘விருப்ப ஓய்வு’ என்று வீட்டுக்குப் போனார்கள். நவம்பர் 1இல் உற்பத்தியே நின்றது. அடுத்த ஆண்டு மைக்ரோசொப்ட் 760 கோடி டொலரை நட்டமென்று எழுதித் தள்ளிவிட்டு நிமிர்ந்து நின்றது. வேலையிழந்த பெண் தன் நட்டத்தை எந்தக் கணக்கில் எழுதுவாள்?

இங்கே 2025 மே மாதம் கட்டுநாயக்கவில் நெக்ஸ்ட் ஆடைத் தொழிற்சாலை மூடப்பட்டது. 1,400க்கும் மேற்பட்டோர் வேலையிழந்தார்கள். கைபேசியானாலும் காற்சட்டையானாலும் கதை ஒன்றுதான்: சலுகை வாங்கும்போது அரசோடு பேசுகிறார்கள், பூட்டும்போது தொழிலாளிக்கு அறிவித்தல் மட்டும் ஒட்டுகிறார்கள்.

நம்மிடம் 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல் ஒருவரை நிறுத்த அவருடைய எழுத்துமூலச் சம்மதம் வேண்டும்; இல்லையென்றால் தொழில் ஆணையாளரின் அனுமதி வேண்டும். முதலீட்டுக்கு இது தடை என்கிறார்கள். பொய்! அந்தரத்தில் விடப்படும் குடும்பத்துக்கு இருக்கும் கடைசி அரண் இது.

ஆகவே அரசிடம் கேட்கிறோம். இந்தச் சட்டத்தில் கை வைக்காதே! வரிச்சலுகை கொடுக்கும் நாளிலேயே நட்டஈட்டுக்குரிய பணத்தை நிறுவனத்திடம் பிணையாக வாங்கு! பூட்டுவதற்கு முன் தொழிற்சங்கத்திடம் கணக்கைக் காட்டச் சொல்!

நம் பிள்ளைகள் கட்டுநாயக்கவுக்கும் கட்டாருக்கும் பிழைக்கப் போகிறார்கள். அவர்கள் எந்தச் சங்கமும் இல்லாமல் போகக் கூடாது. இன்றே சேருங்கள், சேர்த்துவிடுங்கள்!