பூச்சோங்கில் நாங்கள் தேடிய சாட்சி

(பூச்சோங்கில் தமிழ்க் குடும்பங்களின் ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மேடையில் பேசிப் பழக்கமில்லாதவன் நான். ஜொகூர் பாருவில் லோரி ஓட்டுகிறேன். "உங்கள் பெரியம்மாவைப் பூச்சோங்குக்கு அழைத்து வந்தீர்களே, அதைச் சொல்லுங்கள், போதும்" என்று ஏற்பாட்டாளர்கள் கேட்டுக்கொண்டார்கள். அதைத்தான் சொல்லப்போகிறேன். கேட்டு முடித்த பிறகு நீங்கள் ஒவ்வொருவரும் வீட்டில் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

பூச்சோங்கைச் சுற்றியிருந்த தோட்டம் ஒன்றில்தான் நான் பிறந்தேன். தோட்டத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. இந்த வட்டாரத்தில் எந்தத் தோட்டத்தின் பெயரைப் போட்டாலும் கதை ஒன்றுதான். 1989-ல் நிலம் வீடமைப்புக்குப் போனது. அப்போது எனக்கு ஒன்பது வயது. லயத்தைக் காலி செய்து, தகரப்பெட்டி, அம்மி, சாமிப்படம் எல்லாவற்றையும் லோரியில் ஏற்றிக்கொண்டு ஜொகூருக்குப் போனோம். அதன் பிறகு முப்பத்தைந்து ஆண்டுகளாக யாரும் திரும்பி வரவில்லை.

போன டிசம்பர் பள்ளி விடுமுறையில் கிள்ளானில் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். நான், மனைவி, இரண்டு பிள்ளைகள், என் அம்மாவின் அக்காவான பெரியம்மா என ஐந்து பேர் காரில் கிளம்பினோம். பெரியம்மாவுக்கு 74 வயது. மச்சாப்பில் நிறுத்தித் தேநீர் குடித்தபோது மெல்ல ஆரம்பித்தார். "தம்பி, கிள்ளானுக்குப் பூச்சோங் வழியாப் போனா ரொம்பச் சுத்தா? செத்துப்போறதுக்குள்ள ஒரு தடவ பாத்துட்டா தேவலை."

சுற்று ஒன்றும் பெரிதில்லை. கல்யாணம் மறுநாள்தான். சரி என்றேன்.

அன்பர்களே, வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் நீங்களும் எத்தனையோ முறை போயிருப்பீர்கள். வழிப்பலகைகளைப் பார்த்துத்தான் வண்டி ஓட்டுகிறோம். அந்தப் பெயர்களுக்கு முன்னால் அங்கே என்ன இருந்தது என்று நினைத்துப் பார்த்திருக்கிறோமா? அன்றைக்குப் பெரியம்மா பக்கத்தில் இருந்ததால் எனக்கு ஒவ்வொரு பலகையும் வேறு மாதிரித் தெரிந்தது.

காஜாங் நெருங்கும்போது புத்ராஜெயா பலகை வந்தது. இன்று கூட்டரசு நிர்வாகத் தலைநகரம். முன்பு அது பெராங் பெசார் தோட்டம். முதல் உலகப் போரில் சண்டை போட்டுத் திரும்பிய வெள்ளைக்கார அதிகாரிகள் 1921-ல் திறந்த தோட்டம். அதனால்தான் 'பெரும் போர்' என்ற பொருளில் அந்தப் பெயர். 1990-களில் தலைநகர் கட்ட நிலம் எடுத்தபோது பெராங் பெசாரோடு மெடிங்லி, கெலவே, செட்ஜ்லி தோட்டங்களும் போயின. ஏறக்குறைய 400 குடும்பங்கள் டிங்கிலில் உள்ள தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிக்கு மாற்றப்பட்டன. வாக்களிக்கப்பட்ட தரைவீட்டுக்காக அவர்கள் பல ஆண்டுகள் போராட வேண்டியிருந்தது.

சுங்கை பெசி தாண்டி ஷா ஆலம் நெடுஞ்சாலைக்குள் நுழைந்தால் புக்கிட் ஜாலில் விளையாட்டரங்கம் தெரிந்தது. 1998 காமன்வெல்த் விளையாட்டுப் போட்டிக்காகக் கட்டியது. அதுவும் தோட்டம்தான். அங்கே லயத்தில் மிஞ்சியிருந்த 41 குடும்பங்கள் 4 ஏக்கர் நிலம் கேட்டு நின்றதையும், 2011-ல் வீட்டை இடிக்க வந்தபோது எதிர்த்து நின்றதையும் உங்களில் பலர் நேரிலேயே பார்த்திருப்பீர்கள்.

அடுத்து கின்ராரா. பெயரைப் பார்த்ததும் என் மகன் துள்ளினான். "அப்பா, இங்கதானே விராட் கோலி அண்டர்-19 உலகக் கிண்ணம் ஜெயிச்சார்!" உண்மைதான். 2008 மார்ச் 2-ம் தேதி இறுதி ஆட்டம் கின்ராரா மைதானத்தில்தான் நடந்தது. அவனுக்குக் கின்ராரா என்றால் கோலி. பெரியம்மாவுக்குக் கின்ராரா என்றால் பக்கத்துத் தோட்டம், திருவிழாவுக்கு நடந்து போன பாதை. ஒரே காரில் உட்கார்ந்திருந்த இரண்டு பேருக்கும் நடுவில் இவ்வளவு தூரம்! அதை நிரப்ப வேண்டியவன் நான். அதுவரை நான் அவனிடம் எதையும் சொன்னதில்லை.

பூச்சோங்குக்குள் வந்தோம். 1996-ல் திறந்த ஐ.ஓ.ஐ. பேரங்காடி, 1999-ல் திறந்த எல்.டி.பி. நெடுஞ்சாலை, 2016-ல் வந்த எல்.ஆர்.டி. பாதை. பழைய ஈய லம்பங்கள் ஏரிகளாகி, அவற்றைச் சுற்றி வீடுகள். பெரியம்மா கண்ணாடியை இறக்கிவிட்டு இரண்டு பக்கமும் பார்த்தார். பெரட்டுக் களம் எங்கே, பால் ஸ்டோர் எங்கே, ஆயாக்கொட்டகை எங்கே என்று தேடினார். ஒன்றுமே இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, "மேடுகூட இல்லையேப்பா, மேட்டயும் வெட்டிட்டாங்களா?" என்றார்.

மிஞ்சியது எது தெரியுமா? தமிழ்ப்பள்ளிகளின் பெயர்ப் பலகைகள். காசல்பீல்ட் தமிழ்ப்பள்ளி, கின்ராரா தமிழ்ப்பள்ளி, பூச்சோங் தமிழ்ப்பள்ளி. தோட்டம் போனாலும் பள்ளி நிற்கிறது. அதோடு நம் கோயில்கள், நிலப்பட்டா இருந்தும் இல்லாமலும். பட்டா இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை இங்கே பக்கத்தில் சுபாங் ஜெயாவில், பழைய சீபீல்ட் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் 2018 நவம்பரில் பார்த்தோம்.

அன்பர்களே, இவ்வளவு எளிதாக நம்மை எப்படி வெளியேற்ற முடிந்தது? வேலை இருக்கும்வரைதான் வீடு, அதுதான் காரணம். வேலை போனால் லயமும் போனது. 1980-ம் ஆண்டு ஆட்குறைப்பு இழப்பீட்டு விதிப்படி, ஐந்து ஆண்டுக்கு மேல் வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 20 நாள் கூலி. என் அப்பா 22 ஆண்டு பால் வெட்டினார். 440 நாள் கூலி கிடைத்தது. 1990-ல் வந்த தொழிலாளர் குடியிருப்புச் சட்டம் வீட்டின் தரத்தைப் பற்றிப் பேசியது. அந்த வீடு தொழிலாளிக்குச் சொந்தமாகும் என்று சொல்லவில்லை. இதையெல்லாம் முன்பே உணர்ந்துதான் துன் வீ. தி. சம்பந்தன் 1960-ல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். துண்டாடப்பட்டு விற்கப்படும் தோட்டங்களைத் தொழிலாளர்களே பங்கு போட்டு வாங்கட்டும் என்றார். வாங்கிய தோட்டங்கள் உண்டு. எங்கள் தோட்டம் அந்தப் பட்டியலில் இல்லை.

நிலமும் வீடும் போன கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். அதோடு இன்னொன்றும் போயிருக்கிறது. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

என் பெரியம்மாவின் கையில் இன்றும் சிவப்பு அடையாள அட்டை. அவர் 1951-ல் இதே பூச்சோங் லயத்தில் பிறந்தவர். என் அம்மா 1958-ல் அதே லயத்தில், அதே வீட்டில் பிறந்தவர். அம்மாவுக்கு நீல அட்டை. ஏன் இப்படி? மெர்டேக்கா நாளிலிருந்து 1962 செப்டம்பர் வரை இந்த மண்ணில் பிறந்தவர்கள் பிறப்பாலேயே குடிமக்கள். மெர்டேக்காவுக்கு முன் பிறந்தவர்களில் பெரியம்மாவைப் போன்றவர்கள், அரசமைப்புச் சட்டத்தின் 16-வது பிரிவின்படி மனுச் செய்து பதிந்துகொள்ள வேண்டும். அதற்கு இங்கேதான் பிறந்தார் என்று காட்ட வேண்டும். பெரியம்மாவுக்குப் பிறப்புப் பத்திரம் இல்லை. லயத்திலேயே பிரசவம். தாத்தாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பள்ளிக்கூடப் பதிவேட்டில் தேடலாமென்றால், அவர் பள்ளிக்கே போகவில்லை. தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொண்டு வீட்டில் இருந்தார்.

வாழ்நாள் முழுவதும் இந்த நாட்டுக்குப் பால் வெட்டியவர் ஒரு முறைகூட ஓட்டுப் போட்டதில்லை. மலேசியக் கடப்பிதழும் கிடையாது. முதியோர் உதவித்தொகை கேட்டாலும் அது குடிமக்களுக்குத்தான். இது ஒருவர் கதையா? 2018 ஜூலையில், 60 வயதைத் தாண்டிய சிவப்பு அட்டை இந்தியர்கள் 3,407 பேருக்குக் குடியுரிமை வழங்கப்படும் என்று அன்றைய பிரதமர் டாக்டர் மகாதீர் அறிவித்தார். மூவாயிரம் பெரியம்மாக்கள், பெரியப்பாக்கள் என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

சரி, கதைக்கு வருகிறேன். பார்க்க ஒன்றும் இல்லை என்று கிளம்பும்போது, "கோயிலாச்சும் இருக்கா பாரு தம்பி" என்றார் பெரியம்மா. விசாரித்துப் போனோம். எங்கள் தோட்டத்துக் கோயில் ஒரு சின்ன நிலத்துக்கு மாறியிருந்தது. சாமி அதே சாமி. பெரியம்மா கைகூப்பி நின்றபோது, திண்ணையில் உட்கார்ந்து பூக் கட்டிக்கொண்டிருந்த பாட்டி ஒருவர் அவரையே பார்த்தார். பிறகு கேட்டார். "ஏம்மா, நீ மூணாவது லயத்து, ஆயாக்கொட்டகை பக்கத்து வூட்டுப் பொண்ணுதானே? ஒடம்பு பெருத்துட்ட, ஆனா மூக்கு அதே மூக்கு."

இரண்டு பேரும் கட்டிக்கொண்டு அழுததை நான் வருணிக்கப் போவதில்லை. பாட்டிக்கு 84 வயது. பெரியம்மா பிறந்தபோது அவருக்குப் பத்து வயது. "நீ பொறந்த ராத்திரி நல்ல மழை. எங்கம்மாதான் வெந்நீர் வெச்சுக் குடுத்தாங்க. விடிஞ்சு எங்கம்மா பெரட்டுக்குப் போகல, கிராணி பேர் வெட்டிட்டாரு. அதுக்கு எங்கப்பாகிட்ட அடி வேற" என்றார். என் மகள் கைப்பேசியில் அதைப் பன்னிரண்டு நிமிடம் பதிவு செய்தாள்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. நாங்கள் ஊரைத் தேடி வந்தோம். கிடைத்தது சாட்சி! பத்திரம் இல்லாதவருக்கு, பிறந்ததை அறிந்த ஒருவர் சத்தியப் பிரமாண ஆணையர் முன் எழுதிக் கையெழுத்திடும் உறுதிமொழி ஓர் ஆதாரமாக உதவும். அது ஒன்றே குடியுரிமை வாங்கித் தந்துவிடாது. ஆனால் வெறுங்கையோடு போய் நிற்பதற்கும், ஒரு தாளோடு போய் நிற்பதற்கும் வித்தியாசம் உண்டு.

இனி நான் செய்த தவறு. கல்யாணத்துக்கு நேரமாகிறது என்று, "தைப்பூசத்துக்கு வர்றோம் பாட்டி, அப்போ எல்லாத்தையும் முடிச்சிடலாம்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டேன். அன்றைக்கே ஆணையரிடம் அழைத்துப் போயிருந்தால் ஒரு மணி நேர வேலை. தைப்பூசத்துக்கு முந்தைய வாரம் பாட்டி வீட்டிலிருந்து அழைப்பு வந்தது. பாட்டி தவறிவிட்டார். கருமக்கிரியைக்குத்தான் வந்தேன். பெரியம்மா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

அன்றிரவு மகள் பதிவு செய்ததைத் திரும்பக் கேட்டோம். அதில் பாட்டி மூன்று குடும்பங்களின் பெயரைச் சொல்லியிருந்தார். ஒரு குடும்பம் பந்திங்கில் இருப்பது தெரிந்தது. அங்கே 83 வயதுப் பெரியவர் ஒருவர், பெரியம்மா பிறந்ததை நன்றாக அறிந்தவர். இந்த முறை நான் தாமதிக்கவில்லை. அடுத்த சனிக்கிழமையே போனோம். பிரமாணம் எழுதிக் கையெழுத்தாகிவிட்டது. மனு போயிருக்கிறது. பதிலுக்குக் காத்திருக்கிறோம்.

அன்பான உறவுகளே, தோட்டத்தை விற்றபோது நம் வீடு போனது, கோயில் இடம் மாறியது. அதோடு நம் சாட்சிகளும் நாடு முழுக்கச் சிதறிப்போனார்கள். லயத்தில் இருந்தவரை யார் எங்கே எப்போது பிறந்தார் என்பது ஐம்பது வீட்டுக்குத் தெரியும். இன்று அந்த ஐம்பது வீடும் ஐம்பது ஊரில். தெரிந்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

ஆகவே நான் கேட்பது இதுதான். அடுத்த விடுமுறையில் குடும்பத்தோடு வெளியே போகும்போது ஒரு நாளை உங்கள் பழைய தோட்டத்துக்கு ஒதுக்குங்கள். வீட்டுப் பெரியவரைக் கட்டாயம் கூட்டிப் போங்கள். போகும் முன் தோட்டத்தின் பெயர், டிவிஷன், லயம், பிரசவம் பார்த்தவர், பக்கத்து வீட்டார் பெயர்களை நோட்டுப் புத்தகத்தில் எழுதுங்கள். பழைய பள்ளிச் சான்றிதழ், சேமநிதிக் கணக்கு, தொழிற்சங்க அட்டை, எது இருந்தாலும் படம் எடுத்து வையுங்கள். சிவப்பு அட்டைக்காரரோ, பத்திரம் இல்லாத பிள்ளையோ வீட்டில் இருந்தால், சாட்சி கிடைத்த அன்றைக்கே பிரமாணம் எழுதுங்கள். தைப்பூசம் வரட்டும், தீபாவளி வரட்டும் என்று இருக்காதீர்கள்.

பிள்ளைகளையும் கூட்டிப் போங்கள். ஜொகூர் திரும்பும் வழியில் கின்ராரா பலகை வந்தபோது என் மகன் இந்த முறை கோலியைப் பற்றிப் பேசவில்லை. "ஆயா, திருவிழாவுக்கு இந்தப் பக்கமாவா நடந்து போவீங்க?" என்று கேட்டான். பெரியம்மா சிரம்பான் வரைக்கும் பேசிக்கொண்டே வந்தார்.