கோல்காப்பாளர் பீட்டர் தங்கராஜ்

'தொழில்முறை ஆட்டக்காரர்' என்னும் தொடரை மொழிபெயர்ப்பாளர்களாகிய நாங்கள் தயக்கமின்றி எழுதிவிடுகிறோம். ஆனால், ஆட்டம் ஒரு தொழிலாகுமா என்னும் ஐயம் எளிதில் தீர்வதன்று. ஸ்காட்லாந்துக் கல்தச்சரான ஃபெர்கஸ் சூட்டர், 1878-ஆம் ஆண்டில் கிளாஸ்கோவை விட்டு இங்கிலாந்தின் டார்வென் நகருக்குப் பந்தாடச் சென்றார். அவ்வூர்க் கல் மிகக் கடினம் என்று சொல்லி உளியைக் கீழே வைத்துவிட்டாராம்! கூலிக்கு ஆடுவதை அந்நாளைய விதிகள் ஒப்பவில்லை. இங்கிலாந்து 1885-லும், ஸ்காட்லாந்து 1893-லுமே அதற்கு இசைந்தன.

நம் நாட்டிலோ அந்த வாயில் வெகுகாலம் திறக்கவில்லை. தேசியக் கால்பந்து லீக் தொடங்கியதே 1996-இல்தான். அதற்கு முன் பெரும்பாலான ஆட்டக்காரர்களுக்குச் சோறிட்டவை இராணுவமும் போலீசும் இரயில்வேயும் ஆகும். அத்தகைய வாழ்வுக்குச் சிறந்த சான்று, நாம் குடியேறி வாழும் இந்த ஹைதராபாத்தில் 1935-இல் பிறந்த பீட்டர் தங்கராஜ்.

அவர் இளைஞராயிருந்த காலத்தில் இந்நகரம் கால்பந்துக்குப் பேர்போனது. சையத் அப்துல் ரஹீமின் பயிற்சியில் ஹைதராபாத் நகரப் போலீஸ் அணி, 1950 முதல் 1954 வரை ஐந்தாண்டுகள் தொடர்ந்து ரோவர்ஸ் கோப்பையை வென்றது. இங்குள்ள சங்கங்களில் ஆடிப் பழகிய தங்கராஜ், 1953-இல் இராணுவத்தில் சேர்ந்தார். நீலகிரியில் வெலிங்டனிலுள்ள மதராஸ் ரெஜிமெண்டு மையத்தின் அணியில் முதலில் முன்னணி ஆட்டக்காரராகவே இறங்கினார். ஆறடிக்கு மேற்பட்ட அவருடைய உயரம் பின்னர் கோலுக்குக் காவலாயிற்று. அவ்வணி 1955-லும் 1958-லும் டூராண்ட் கோப்பையை வென்றது.

1956-இல் மெல்போர்னிலும், 1960-இல் ரோமிலும் நடந்த ஒலிம்பிக் பந்தயங்களில் அவர் இந்திய அணியில் இடம்பெற்றார். 1962-ஆம் ஆண்டு ஜகார்த்தா ஆசியப் போட்டியின் இறுதி ஆட்டத்தில், அரங்கில் திரண்டிருந்த கூட்டம் இந்தியாவுக்கு எதிராக ஆரவாரித்தது. ரஹீமின் பயிற்சி பெற்ற நம் அணி, தென்கொரியாவை இரண்டுக்கு ஒன்று என வென்று தங்கப் பதக்கம் பெற்றது. கோலைக் காத்து நின்றவர் தங்கராஜ். கல்கத்தாவின் முகமதன் ஸ்போர்ட்டிங், மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் ஆகிய மூன்று பெருஞ்சங்கங்களுக்கும் அவர் ஆடினார். 1967-இல் அர்ஜுனா விருது அவரைத் தேடி வந்தது.

1971-இல் ஆட்டத்தினின்று விலகியபின், பொகாரோ உருக்காலையைச் சார்ந்து பயிற்சியாளராகப் பணியாற்றினார். 2008-இல் அந்நகரிலேயே காலமானார்.

ஹைதராபாத், வெலிங்டன், கல்கத்தா, பொகாரோ: வேலையைத் தொடர்ந்து ஊர்விட்டு ஊர் செல்லும் நமக்கு இவ்வழி புதிதன்று. ஆனால் ஒன்று கவனிக்கத்தக்கது. புகழ் பந்தினால் வந்தது. நிலையான ஊதியமோ உத்தியோகத்தினால் வந்தது. இன்று பந்தாட்டத்துக்கே ஊதியம் கிடைக்கிறது. எனினும் கால் முறிந்தாலும் வயது முதிர்ந்தாலும் அவ்வூதியம் நின்றுவிடக் கூடும்.

ஆகவே, பிள்ளை பந்தைத் தூக்கிக்கொண்டு மைதானத்துக்கு ஓடும்போது, "இது சோறு போடுமா?" என்று அதட்டி நிறுத்த வேண்டியதில்லை. அக்கேள்வியை ஆட்டத்தை நடத்துவோரிடம் கேட்போம். ஆடும் நாளில் மட்டுமன்றி, ஆட இயலாத நாளிலும் ஆட்டக்காரனுக்கு யார் பொறுப்பு? அதற்குத் தக்க விடை கிடைக்கும் நாளில்தான் ஆட்டம் முழுமையான தொழிலாகும்.