தாய்மொழிக்கும் வகுப்பறையில் இடம் வேண்டும்



பள்ளிக்கூட வாயிலில் ஒரு பிள்ளை எதையெதை வெளியே விட்டுவிட்டு நுழைய வேண்டியிருக்கிறது? இக்கேள்விக்கு விடையாகப் பசிபிக் பெருங்கடலில் உள்ள சமோவா மக்களின் வரலாற்றைக் கூற விரும்புகிறேன்.

மேற்குச் சமோவா 1914 முதல் நியூசிலாந்தின் ஆட்சிக்கு உட்பட்டிருந்து, 1962 சனவரி முதல் நாள் விடுதலை பெற்றது. அந்நாட்டினர் ஆலை வேலைக்காக ஆக்லாந்து நகருக்குத் திரளாகச் சென்றனர். அவர்தம் உழைப்பை வரவேற்ற அரசே, 1970களில் வேலை குறைந்ததும், தங்கும் அனுமதிக் காலம் கடந்தோரைத் தேடி விடியற்காலையில் வீடுகளுக்குள் காவலரை ஏவியது. அதற்காக 2021 ஆகஸ்டு முதல் நாள் நியூசிலாந்து அரசு முறைப்படி மன்னிப்புக் கோரியது.

அக்காலத்தில் ஆங்கிலம் ஒன்றே முன்னேற்றத்தின் மொழி எனக் கருதப்பட்டது. பெற்றோர் பலர் அதை நம்பி, வீட்டிலும் தம் மொழியைக் குறைத்துக்கொண்டனர். பாட்டிக்கும் பேரப்பிள்ளைக்கும் இடையே மௌனம் வளர்ந்தது.

ஆயினும் அம்மக்கள் சோர்ந்து அமர்ந்துவிடவில்லை. மாவோரி மக்கள் 1982இல் தொடங்கிய மழலையர் மொழிக்கூடங்களைக் கண்டு, தாமும் அவ்வாறே தொடங்கினர். தொடக்கப் பள்ளிகளில் இருமொழி வகுப்புகள் தோன்றின. 1996இல் அரசே சமோவா மொழிக்குப் பாடத்திட்டம் வெளியிட்டது. இன்று அது உயர்நிலைப் பள்ளித் தேர்விலும் ஒரு பாடமாகும். அந்நாட்டில் அம்மொழி பேசுவோர் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர்.

அங்கு மாணவர் மொழியோடு பண்பாட்டையும் கற்கின்றனர். தம் வீட்டை 'ஃபாலே' என்று கூறுவோர், பெருந்தலைவரின் இல்லத்தை 'மாஓதா' என உயர்த்திக் கூறுவர். தன்னைத் தாழ்த்திப் பிறரை உயர்த்தும் பண்பு சொல்லிலேயே அமைந்துள்ளது.

மரபு முழுதும் குறையற்றது என்று நான் கூறவில்லை. சமோவாவில் 'மாதாய்' எனப்படும் குடும்பத் தலைவர்களுக்கே பெரும்பாலும் இருந்த வாக்குரிமை, 1990ஆம் ஆண்டுப் பொதுவாக்கெடுப்பின் பின்னரே வயது வந்தோர் அனைவருக்கும் கிட்டியது. தன் மரபைக் கற்றறிந்தவனே அதில் கொள்ளத்தக்கது எது, தள்ளத்தக்கது எது என்று தெளிவான். அதிகாரத்தை அடையும் வழி தொண்டே என்பது அவர்களுடைய பழமொழி. அது கொள்ளத்தக்கது அன்றோ?

இளைஞர்களே! ஆங்கிலம் கற்றுக்கொள்ளுங்கள், அது உங்கள் உரிமை. ஆனால், அதற்கு விலையாக உங்கள் தாயின் பேச்சைக் கொடுத்துவிடாதீர்கள். அப்பேச்சைக் கேட்டு எவரேனும் நகைத்தால், குறை பேச்சில் இல்லை. நகைப்பவர் உள்ளத்திலேயே இருக்கிறது. பிள்ளையைப் போலவே அவன் மொழியையும் வரவேற்கும் பள்ளியே நல்ல பள்ளி. அத்தகைய பள்ளிகளைக் கேட்டுப் பெறுவோம். கிடைக்காவிடில் நாமே அமைப்போம்!