அதிர்வைத் தொட்டு அறிவோம்

இந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டே உங்கள் வானொலிப் பெட்டியின் ஒலிபெருக்கிமீது உள்ளங்கையை மெல்ல வைத்துப் பாருங்கள். இலேசான நடுக்கம் தெரிகிறதா? அந்த நடுக்கந்தான் காற்றை அசைத்து, ஒலியாக உங்கள் காதை அடைகிறது. ஒலியின் பிறப்பு அதிர்வில்தான். காதால் கேட்பதைக் கையாலும் அறியலாம், கண்ணாலும் காணலாம். அதைப் பற்றியே இன்று பேசுவோம்.

விஞ்ஞானப் பாடம் என்றாலே நம் பிள்ளைகளில் சிலர் மிரளுகிறார்கள். 'அதிர்வெண்' என்ற சொல்லை மனப்பாடம் செய்து, பரீட்சை முடிந்ததும் மறந்துவிடுகிறார்கள். தொட்டுப் பார்த்துப் படித்த பாடமோ மனத்தில் தங்கும். அதற்கு விலையுயர்ந்த கருவிகள் தேவையில்லை. காலியான மைலோ டின் ஒன்றும் ரப்பர் வளையம் ஒன்றும் போதும். நாம் மரம் சீவிச் சேர்க்கும் பால்தானே ரப்பர் ஆகிறது! அதுவே நம் பிள்ளைக்குப் பாடமும் சொல்லட்டும்.

டின்னின் திறந்த வாய்க்குக் குறுக்கே வளையத்தை மாட்டிச் சுண்டுங்கள். வளையம் விரைந்து ஆடுவதால் மங்கலாகத் தெரியும், ஒலியும் எழும். நடுவில் விரலால் அழுத்திக்கொண்டு ஒரு பாதியை மட்டும் சுண்டினால் சுருதி உயரும். ஆடும் பகுதி குறுகும்பொழுது அதிர்வு விரைவாகிறது. ஒரு வினாடியில் எத்தனை அதிர்வு என்ற கணக்கே அதிர்வெண்.

அடுத்து, டின்னின் வாயில் பிளாஸ்டிக் தாளை இறுக்கிக் கட்டி, அதன்மேல் சில அரிசி மணிகளை இடுங்கள். பக்கத்தில் ஒரு தகரத் தட்டைப் பிடித்துப் பலமாகத் தட்டுங்கள். டின்னை யாரும் தொடாமலே அரிசி துள்ளும். தட்டின் அதிர்வைக் காற்று சுமந்து வந்திருக்கிறது. ஜெர்மானிய அறிஞர் எர்ன்ஸ்ட் கிளாட்னி, மணல் தூவிய உலோகத் தகட்டின் விளிம்பில் வில்லை இழுத்தார். அதிராத கோடுகளில் மணல் ஒதுங்கி அழகிய கோலங்கள் அமைந்தன. அவற்றை 1787இல் நூலாக வெளியிட்டார்.

நம் கோயில் திருவிழாவில் உறுமி முழங்கும்பொழுது அருகில் நிற்பவர் நெஞ்சும் அதிரும். வளைந்த குச்சி தோலைத் தேய்ப்பதால் பிறக்கும் அதிர்வு அது. அப்படியானால் கல்யாண மண்டபத்தில் கேட்கும் மின்னணு இசை எப்படிப் பிறக்கிறது? அங்கே தோலும் இல்லை, தந்தியும் இல்லை. மின்சாரமே முன்னும் பின்னும் அலைகிறது. வினாடிக்கு 440 முறை அலையச் செய்தால் ஒரு சுரம். 880 முறை என்றால் அதே சுரம் மேல்ஸ்தாயியில். ஒலிபெருக்கியிலுள்ள கம்பிச்சுருள் அந்த மின் அலைக்கேற்ப ஆடிக் காற்றைத் தள்ளுகிறது. 1964இல் அமெரிக்கரான ராபர்ட் மூக் உருவாக்கிய சிந்தசைசர் இந்த முறையில் அமைந்ததே. இன்று கணினி அதிர்வை எண்களாகவே எழுதிவிடுகிறது. இசைத்தட்டான சிடியில் ஒரு வினாடி ஒலிக்கு, ஒவ்வொரு பக்க ஒலிபெருக்கிக்கும் 44,100 எண்கள்.

ஆகவே, கணினியில் இசையமைக்கும் இளைஞனும் அதிர்வைத்தான் அளந்து அடுக்குகிறான். அவனுக்கு இந்தப் பாடம் பிழைப்புக்கும் உதவும்.

காது கேளாத பிள்ளையையும் நாம் ஒதுக்க வேண்டியதில்லை. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஈவ்லின் கிளென்னி அம்மையார் 12 வயதுக்குள் கேட்கும் திறனைப் பெரும்பாலும் இழந்தவர். வெறுங்காலோடு மேடையில் நின்று, உடலால் அதிர்வை உணர்ந்து வாசித்து, உலகப் புகழ் பெற்ற தாளக் கலைஞரானார்.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளை டின்னைத் தட்டினால் உடனே அதட்டாதீர்கள். "எங்கே தட்டினால் ஒலி மாறுகிறது, ஏன் மாறுகிறது?" என்று கேளுங்கள். விடை உங்களுக்குத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. மறுநாள் அந்தக் கேள்வியோடு பள்ளிக்குப் போகிற பிள்ளை, பாடத்தைக் கண்டு மிரளாது.