தையல் பிரித்த பிறகு



வருகிற பிப்ரவரி 11, லூர்து அன்னையின் திருநாள். திருத்தந்தை புனித இரண்டாம் யோவான் பவுல் 1992-இல் இந்நாளை உலக நோயாளர் தினமாக அறிவித்தார். மறு ஆண்டு முதல் திருஅவை இதைக் கடைப்பிடித்து வருகிறது. அன்று நம் கோவில்களில் நோயாளர்களுக்காகத் திருப்பலி நடக்கும், நோயில்பூசுதல் வழங்கப்படும். நல்லது. “ஆபரேஷன் முடிந்தது, குணமாகி வந்துவிட்டார்” என்று சொல்லி நாம் கணக்கை முடித்துவிடுகிற மனிதர்களைப் பற்றி இன்று சற்றுச் சிந்திப்போம்.

இன்றைய நற்செய்தியில் யாயிரின் மகள் உயிர் பெற்று எழுகிறாள். பன்னிரண்டு வயதுச் சிறுமி. எழுந்து நடக்கிறாள். எல்லாரும் மலைத்து நிற்கிறார்கள். அந்த நேரத்தில் ஆண்டவர் வீட்டாரிடம் ஒரு வேலை சொல்கிறார்: பிள்ளைக்குச் சாப்பிட ஏதாவது கொடுக்க வேண்டும். இந்த வரியை நாம் பெரும்பாலும் வாசித்துக் கடந்துவிடுகிறோம். சாவிலிருந்தே மீட்டவருக்கு அவளுடைய பசியைத் தீர்ப்பதா பெரிய காரியம்? ஆனாலும் அந்த வேலையை அவர் வீட்டாரின் கையில் விடுகிறார். புதுமை முடிந்த இடத்தில் அடுப்பு எரிய வேண்டியிருக்கிறது.

நம் ஊர்களில் இன்று பரவலாக நடக்கும் பைபாஸ் அறுவை சிகிச்சையை எடுத்துக்கொள்வோம். நெஞ்செலும்பை நடுவில் பிளந்து, காலிலிருந்தோ கையிலிருந்தோ எடுத்த இரத்தக் குழாயை இதயத்தில் ஒட்டவைத்து, எலும்பைக் கம்பியால் கட்டி மூடுகிறார்கள். ஏழெட்டு நாளில் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ஆனால் அந்த எலும்பு நன்றாகக் கூடுவதற்கு ஏறக்குறைய 3 மாதம் ஆகும். அதுவரை இருமினால் நெஞ்சு தெறிக்கிறது. தலையணையை மார்போடு அணைத்துக்கொண்டுதான் இரும வேண்டும். ஒருக்களித்துப் படுக்க முடியாது. குழாய் எடுத்த கால் வீங்குகிறது. சோறு ருசிப்பதில்லை. தண்ணீர்க் குடத்தைத் தூக்கக்கூடாது, பேரப்பிள்ளையையும் தூக்கக்கூடாது.

உடம்பின் பாடு இது. மனத்தின் பாடு வேறு. நாம் பணியாற்றும் பங்கில் ஆட்டோ ஓட்டும் சகோதரர் ஒருவர். மருத்துவமனையிலிருந்து வந்த முதல் வாரம் அவர் வீட்டு வாசலில் செருப்பு வைக்க இடமில்லை. ஐந்தாம் வாரம் நாம் போனபோது, நடுப்பகலில் கதவைச் சாத்திவிட்டுச் சுவர் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். “ஏன் அழுறேன்னு எனக்கே தெரியல சாமி” என்றார். அவருடைய மனைவி சமையலறையிலிருந்தே பேசினார்: “எல்லாரும் கடவுள் காப்பாத்திட்டார், சந்தோஷமா இருங்கன்னு சொல்றாங்க சாமி. அதைக் கேட்டாத்தான் இவருக்கு அழுகை அதிகமாகுது.” அறுவை சிகிச்சைச் செலவைக் காப்பீட்டுத் திட்டம் ஏற்றுக்கொண்டது. ஆட்டோ ஓடாத மாதங்களின் வருமானத்துக்கு எங்கே போவது? அந்தக் கவலையும் அந்தப் படுக்கையில் அவரோடு படுத்திருந்தது.

இதய அறுவை சிகிச்சைக்குப் பிறகு இப்படி மனம் சோர்ந்துபோகிறவர்கள் பலர் என்பது மருத்துவர்களுக்குத் தெரிந்த செய்தி. அந்தச் சோர்வு நீடித்தால் உடல் தேறுவதும் தாமதமாகிறது. இன்னொன்றையும் சொல்லிவிடுவோம். சிலர் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கும்போதே ஓரிரு நாள் மாறாட்டமாகப் பேசுவார்கள், இல்லாத ஆட்களைப் பார்ப்பார்கள். மயக்க மருந்து, தூக்கமின்மை, உடல் பட்ட அதிர்ச்சி எல்லாம் சேர்ந்து செய்கிற வேலை அது. பெரும்பாலும் சில நாள்களில் தெளிந்துவிடும். இதைப் பேய் என்று சொல்லி, தையல் ஆறாத மனிதரைப் பேயோட்டும் செபக்கூட்டத்துக்குத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம்.

“விசுவாசம் குறைந்ததால்தான் மனச்சோர்வு” என்று சொல்லுகிறவர்கள் இறைவாக்கினர் எலியாவைப் பார்க்கட்டும். கர்மேல் மலையில் அத்தனை பெரிய வெற்றிக்குப் பிறகு, பாலைநிலத்தில் ஒரு சூரைச்செடியின் அடியில் உட்கார்ந்து, சாகவேண்டும் என்று மன்றாடியவர் அவர். வானதூதர் வந்து அவரைக் கடிந்துகொள்ளவில்லை. தட்டி எழுப்பினார், சுட்ட அப்பமும் குவளையில் தண்ணீரும் இருந்தன. எலியா சாப்பிட்டுவிட்டு மறுபடியும் படுத்துக்கொண்டார். தூதர் அதற்கும் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாம் முறையும் வந்து எழுப்பி, சாப்பிடச் சொன்னார், போகவேண்டிய தூரம் அதிகம் என்பதால். இறைவனின் மென்மையான குரல் எலியாவுக்குக் கேட்டது அதற்கும் 40 நாள் கழித்துத்தான்.

ஆகவே அன்பர்களே, நம் அன்பியங்களில் இதைக் கொஞ்சம் திட்டமிட்டுச் செய்யலாம். முதல் வாரத்தில் உறவினர் கூட்டம் தானாகவே வரும்; அப்போது நாம் போகாவிட்டாலும் குறையில்லை. காற்றோட்டமும் ஓய்வும் அவருக்கு மிஞ்சும். கூட்டம் கலைந்த நான்காம், ஆறாம், பத்தாம் வாரங்களை அன்பியத்தில் வீட்டுக்கு ஒன்றாகப் பிரித்துக்கொள்வோம். முதல் வெள்ளிதோறும் நற்கருணை கொண்டுபோகும் பட்டியலில், வீடு திரும்பிய இவர்களின் பெயரையும் சேர்த்துக்கொள்வோம். போனால், மருத்துவர் அனுமதித்த அளவுக்குத் தெருமுனை வரை கூட நடந்து வருவோம். அவருக்குப் பேச மனமில்லை என்றால் பேச வேண்டியதில்லை. அழுகையோ விரக்தியோ இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், மறுபரிசோதனைக்குப் போகும்போது அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள் என்று வீட்டாருக்கு எடுத்துச் சொல்வோம். வாழப் பிடிக்கவில்லை என்று பேசினால் அன்றே அழைத்துப் போகவேண்டும். நெஞ்சுவலியைச் சொல்லுவதுபோல இதையும் வெட்கமில்லாமல் சொல்லலாம்.

போகும்போது ஆர்லிக்ஸ் பாட்டில் வேண்டாம். ஏற்கெனவே நாலைந்து அலமாரியில் இருக்கும். ஒருவேளைக்குச் சோறும் குழம்பும் கொண்டுபோனால், அந்த வீட்டு அம்மா அன்றைக்குச் சற்றுத் தலைசாய்த்துக்கொள்வார். உப்பை மட்டும் குறைத்துப் போடுங்கள்.