பழைய பெயரும் புதிய பெயரும்



புத்தளக் கடலேரியின் வடமேற்கே அமைந்த ஊரைத் தமிழர் கற்பிட்டி என்பர்; சிங்களத்தில் அது கல்பிட்டிய. 1667ஆம் ஆண்டில் அங்கே கோட்டை கட்டத் தொடங்கிய ஒல்லாந்தர் கல்பெண்டைன் என்று எழுதினர். தெற்கே, நமது சிலாபம் சிங்களத்தில் ஹலாவத்த ஆகிறது. பஸ்ஸின் பலகையில் எப்பெயர் இருப்பினும் பயணி ஊர் போய்ச் சேர்கிறான். ஒரு பெயரைக் கேட்டதும் மற்றதை நினைவுகூரும் ஆற்றல் மனிதனுக்கு உண்டு. கணினிக்கோ, சொல்லி வைத்தாலன்றி அது கிடையாது.

கணினி நிரல் எழுதுவோர் யாவற்றையும் தாமே எழுதுவதில்லை. பிறர் எழுதிப் பொதுவில் வைத்த செயற்கூறுகளைப் பெயர் சொல்லி அழைத்துப் பயன்கொள்வர். அத்தகைய தொகுப்பே நிரல் நூலகம். அதனைப் பேணுவோர் ஒரு செயற்கூற்றுக்குப் பொருத்தமான புதுப்பெயர் சூட்ட விரும்பலாம், அதில் தவறில்லை. ஆனால் பழைய பெயரை அன்றே அழித்துவிட்டால் என்னாகும்? கற்பிட்டியில் ஒரு மீனவர் சங்கம் தன் கணக்குக்கென ஒரு நிரலை எழுதுவித்தது என்று கொள்வோம். எழுதியவர் கடல்கடந்து போய்விட்டார். நூலகத்தின் புதிய பதிப்பு வந்த அன்று, ஓர் எழுத்தையும் மாற்றாத அந்தச் சங்கத்தின் கணக்கு நின்றுபோகும். பெயரை மாற்றியவருக்கோ இது தெரியவே வராது.

ஆகவே பழைய பெயரை வைத்துக்கொண்டு, அது புதிய செயற்கூற்றையே அழைக்குமாறு செய்வர். "இப்பெயர் நீங்கப் போகிறது" என்ற எச்சரிக்கையையும் சேர்ப்பர். பைத்தான் மொழியில் சில பெயர்கள் 2012இல் வேறிடம் மாற்றப்பட்டன. பழைய வழி அடைபட்டது 2021இலேதான். ஒன்பதாண்டு அவகாசம்! அப்போதும் திருந்தாத நிரல்கள் பல முறிந்தன. எச்சரிக்கையைப் படிப்போர் சிலரே போலும்.

உலக நேர வலயங்களின் தரவுத்தொகுப்பு இன்னும் பொறுமையுடையது. கல்கத்தா 2001இல் கொல்கத்தா ஆயிற்று; தொகுப்பிலும் புதுப்பெயர் ஏறியது. எனினும் பழைய பெயரில் கேட்கும் கணினிக்கும் இன்றளவும் அதே நேரமே கிடைக்கிறது.

நம் எழுத்தொன்றின் கதையும் உண்டு. யூனிகோடு முறையில் தமிழ் ஆய்தத்துக்கு இட்ட ஆங்கிலப் பெயர் "விசர்க்கம்" என்பது. விசர்க்கம் வடமொழிக்குரியது, ஆய்தம் வேறு. தமிழறிந்தோர்க்கு இது உறுத்தலே. ஆயினும் ஒருமுறை இட்ட எழுத்துப் பெயரை மாற்றுவதில்லை என்பது யூனிகோடின் விதி. அப்பெயரை நம்பி எழுதப்பட்ட நிரல்கள் எத்தனை என்று எவரும் எண்ண முடியாதல்லவா? எனவே பிழையான பெயர் அப்படியே நிற்க, எழுத்து அட்டவணையில் அதன் கீழே "ஆய்தம்" என்ற பெயரையும் குறித்து வைத்திருக்கிறார்கள்.