இரண்டு பேருக்குமான சிகிச்சை

எனக்குச் சொந்த ஊர் வ. புதுப்பட்டி. ராஜபாளையத்தில் மனநல மருத்துவராக இருக்கிறேன். பாலியல் சிகிச்சை என்று ஒன்று இருப்பதை நான் சொல்லித்தான் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதில்லை. விஜய் டிவியில் டாக்டர் மாத்ருபூதமும் டாக்டர் ஷர்மிளாவும் நடத்திய 'புதிரா புனிதமா' நிகழ்ச்சியை, பிள்ளைகள் தூங்கிய பிறகு சத்தத்தைக் குறைத்து வைத்துப் பார்த்த வீடுகள் நம் பக்கத்திலும் உண்டு. கேட்கக் கூசுகிற கேள்வியை டாக்டர் மாத்ருபூதம் சாதாரணத் தமிழில் சிரித்த முகத்தோடு எடுத்துப் பேசினார். 2004-இல் அவர் காலமானார். அந்த இடத்தை இன்று பிடித்திருப்பது செல்போனில் ஓடும் ஒரு நிமிட வீடியோவும், 'வாலிப வயோதிக அன்பர்களே' சுவரொட்டியும், லாட்ஜில் ரூம் போட்டு லேகியம் விற்கிறவர்களும்தான். ஆண்மையைப் பெருக்குவதாக மருந்து விளம்பரம் செய்யக்கூடாது என்று 1954-லேயே இந்த நாட்டில் சட்டம் வந்துவிட்டது. பஸ் ஸ்டாண்டு சுவரைப் பார்த்தால் அப்படியொரு சட்டம் இருப்பதாகவே தெரியாது.

இந்த அவசரம்தான் எனக்கு ஆகவில்லை. ஒரு டப்பா, ஒரு மாத்திரை, ஒரு ராத்திரியில் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார்கள். நான் சொல்லவந்தது ஒன்றுதான். பாலியல் சிகிச்சை இரண்டு பேருக்குமானது. ஒருவருக்குக் குறை, இன்னொருவர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கலாம் என்ற கணக்கு இதில் செல்லாது. "அவுகளுக்குத்தான குறை, நான் எதுக்கு டாக்டரம்மா?" என்று கேட்காத மனைவி அபூர்வம். நீங்களும்தான் வரவேண்டும். திரும்பவும் சொல்கிறேன், இரண்டு பேரும் வரவேண்டும்.

சிகிச்சை அறையில் என்ன நடக்கும் என்ற பயத்திலேயே பலர் படி ஏறுவதில்லை. பேச்சுத்தான் நடக்கும். யாரும் யார் முன்னாலும் எதையும் செய்து காட்ட வேண்டியதில்லை. சிகிச்சை தருகிறவர் உங்களைத் தொட்டுப் பயிற்சி கொடுக்கவும் மாட்டார். பயிற்சியெல்லாம் உங்கள் வீட்டில், கதவைச் சாத்திக்கொண்டு நீங்களே செய்வது. உடம்பைப் பரிசோதிக்க வேண்டியிருந்தால் அதற்குரிய மருத்துவர் தனியாகப் பார்ப்பார்.

இந்தப் பயிற்சிகளில் எனக்கு உயிரான ஒன்று உண்டு. அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரில் வில்லியம் மாஸ்டர்ஸ் என்ற மகப்பேறு மருத்துவரும் வர்ஜீனியா ஜான்சனும் உருவாக்கி, 1970-இல் புத்தகமாகவே எழுதிவைத்தது. நான் அதைத் தொடுகைப் பயிற்சி என்பேன். அதன் முதல் விதி, கொஞ்ச காலத்துக்கு உடலுறவே வேண்டாம். உறவில் சிக்கல் என்று வந்தவர்களிடம் உறவே வேண்டாம் என்கிறோம். ஆமாம், வேண்டாம் என்றுதான் சொல்கிறோம்.

அதற்குக் காரணம் இருக்கிறது. ஆணுக்கு எழுச்சி வருவது ரத்தம் பாய்வதால். மனதில் பயம் ஏறினால் ரத்தக்குழாய் சுருங்குகிறது, பாயவேண்டிய ரத்தம் பாய்வதில்லை. ஒருமுறை தவறினால் அடுத்த முறை, 'இன்றைக்காவது முடியுமா' என்று தன்னைத் தானே வேவு பார்க்க ஆரம்பித்துவிடுகிறார். கட்டிலில் மனைவி பக்கத்தில் படுத்திருக்க, இவர் பரீட்சை ஹாலில் உட்கார்ந்திருக்கிறார். பெண்ணுக்கும் இதே கதைதான். வலிக்கும் என்ற பயத்தில் இடுப்பின் அடித்தளத் தசை தானாக இறுகுகிறது, இறுகுவதால் வலிக்கிறது, வலித்ததால் மறுமுறை இன்னும் இறுகுகிறது. பிடிவாதம், ஆசையில்லை என்று அவளைத் திட்டி என்ன பயன்? 'வேண்டாம்' என்று சொன்ன அன்றைக்கே பரீட்சை ரத்தாகிவிடுகிறது. அப்புறம், ஒருவர் மாற்றி ஒருவர் தொட வேண்டும். முதல் கட்டத்தில் மார்பையும் பிறப்புறுப்பையும் தொடக்கூடாது. தலைமுடி, முதுகு, கை, கால் போதும். எதையும் சாதிக்க வேண்டியதில்லை. சூடா குளிர்ச்சியா, மெத்தென்று இருக்கிறதா சொரசொரப்பா என்று கவனித்தால் போதும். அது பழகிய பிறகே அடுத்த கட்டம்.

அடையாளம் தெரியாதபடி மாற்றி, ஒரு தம்பதியைப் பற்றிச் சொல்கிறேன். அவனுக்கு நூல் மில்லில் நைட் ஷிப்ட், அவளுக்குப் பகல் ஷிப்ட். ஒரே அறை வீடு, மாமியாரும் அங்கேதான். கல்யாணமாகி மூன்று வருஷம் குழந்தை இல்லை. ஸ்கேன், விந்துப் பரிசோதனை, கோயில், பரிகாரம் என்று எதையும் விடவில்லை. ஒண்ணு சேர்ந்தீர்களா என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. நான் கேட்டேன். அவள் தரையைப் பார்த்தபடி, இல்லை என்று தலையாட்டினாள். ஒரு மாசம் உறவே வேண்டாம் என்றதும் அவன் மூச்சுவிட்ட சத்தம் மேஜைக்கு இந்தப் பக்கம் கேட்டது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அத்தையை நாத்தனார் வீட்டுக்கு அனுப்பி வையுங்கள் என்றேன். நம் ஊர்களில் இதையும் சேர்த்துத்தான் மருந்துச்சீட்டு எழுதவேண்டும். அடுத்த முறை வந்தபோது அவன் சொன்னான்: "இவ கால்ல இவ்வளவு பித்தவெடிப்பு இருக்கிறதே எனக்கு இப்பத்தான் தெரியும், டாக்டரம்மா." மில்லில் நாள் முழுக்க நின்ற கால். அதற்கு அவனே களிம்பு வாங்கித் தடவியிருக்கிறான். அவளுடைய தசை இறுக்கம் விலகப் பல மாதம் ஆனது. ஆனால் எனக்கு நம்பிக்கை பிறந்தது அந்தப் பித்தவெடிப்பைக் கேட்ட அன்றுதான்.

சீக்கிரம் முடிந்துவிடுகிறது என்பவர்களுக்கு வேறு பயிற்சி இருக்கிறது, பலன் நன்றாகவே கிடைக்கிறது. ஆசையே இல்லை என்கிறவர்களும் பிரசவத்துக்குப் பின் வலிக்கிறது என்கிறவர்களும் வரலாம். 'விந்து விட்டான் நொந்து கெட்டான்' என்ற பழமொழியை நம்பி, கைப்பழக்கத்தால் நரம்புத் தளர்ச்சி வந்துவிட்டதாக இளைத்துப்போகும் பையன்களுக்குச் சரியான விளக்கமே பாதி மருந்து.

எல்லாமே மனசு என்றும் நான் சொல்லவில்லை. நாற்பது வயதுக்கு மேல் எழுச்சி குறைந்தால் முதலில் சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் இதயத்தையும் பாருங்கள். மாரடைப்புக்குச் சில வருஷம் முன்பே இப்படி அறிகுறி காட்டுவதுண்டு. எழுச்சிக்கென்று 1998-இல் வந்த நீல மாத்திரை நல்ல மருந்துதான், ஆனால் அது ஆசையை உண்டாக்காது. நெஞ்சுவலிக்கு நாக்கடியில் மாத்திரை வைக்கிறவர் அதைப் போட்டால் உயிருக்கே ஆபத்து. மருத்துவரைக் கேட்காமல் தொடாதீர்கள்.

இந்தச் சிகிச்சைக்கு விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம், மதுரை பெரியாஸ்பத்திரிக்கும் போகலாம். சீட்டு எழுதும் இடத்தில் 'மனநலப் பிரிவு' என்றால் போதும், பின்னால் வரிசையில் நிற்பவருக்குக் கேட்கும்படி காரணம் சொல்ல வேண்டாம். நேரில் வரத் தயக்கமாக இருந்தால் 14416 என்ற மனநல உதவி எண்ணுக்குப் போன் செய்து தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது. ஆஸ்பத்திரிக்கு வரும் அன்று இரண்டு பேரும் லீவு சொல்லிவிட்டு வாருங்கள்.